ஐயா பேசாத நாள்

காலை ஆறரை மணிக்குப் போன் அடித்ததும் போதகரின் மனைவியான அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து எடுத்தாள். அந்த நேரத்தில் போதகர் வீட்டுக்கு வரும் போன் எதுவும் சும்மா நலம் விசாரிக்க வருவதில்லை.

பேசியது டீச்சர். எதிர் வீதியில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தவரின் மனைவி. வாட்ச்காரர் இறந்து இரண்டு நாளாகியிருந்தது. வெளியூரிலிருந்த மகனுக்காகக் காத்திருந்தார்கள். அவன் வந்து சேர்ந்துவிட்டான், மூன்று மணிக்கு அடக்கம் என்றார் டீச்சர். குரலில் அழுகை இல்லை.

"ஒண்ணே ஒண்ணுதான் அக்கா. ஐயாதான் நடத்தணும். வேற யார் கையிலயும் அவரை நான் கொடுக்க மாட்டேன். ஐயாவால முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற சபையில ஆள் பார்த்துக்கறேன்."

முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவர். விடை தெரியாமல் வாயைத் திறக்கமாட்டார். போனை வைத்துவிட்டார்.

போதகர் ஜன்னலோரம் நின்று தன் கறுப்புக் கோட்டுக்கு பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார். யார் என்று கேட்டார். அக்கா சொன்னாள்.

"நீ என்ன சொன்னே?"

"நான் என்ன சொல்றது? என்னைக் கேட்டுத்தானே எல்லாத்தையும் முடிவு பண்றீங்க."

எங்கே போய்த் தைக்கும் என்று தெரிந்துதான் சொன்னாள். தைத்தது. அவர் மறுபடி கோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடும் நேரத்தில், போதகர் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். தனக்கு அறுபத்தெட்டு ஆகிவிட்டது, இனிமேல் பிரசங்கமும் கல்யாணமும் அடக்கமும் சபையிலுள்ள பஸ் டிரைவர் கையில், வியாதியஸ்தரைப் பார்ப்பதும் வேத வகுப்பும் நர்ஸம்மா கையில் என்றார். "நான் போய்டல. உங்களோட உக்காந்து கேக்கப் போறேன்" என்று சொல்லி, மேடையிலிருந்து இறங்கி, மூன்றாவது பெஞ்சில் அக்காவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். அவளிடம்கூட முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரோடு சேர்ந்துதான் அவளும் தெரிந்துகொண்டாள். அதன் பிறகு ஒன்பது நாள், உப்பு சரியா, கதவைப் பூட்டியாச்சா என்பதற்கு மேல் அவள் அவரிடம் பேசவில்லை.

இதில் இன்னொரு சங்கடம், அந்த டிரைவர் அவளுடைய கூடப் பிறந்த தம்பி. அவன் 'அக்கா, அக்கா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் சபையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் அக்காவானாள். தம்பிக்கு ஒன்பது வயதில் அம்மா தவறினாள். அன்றிலிருந்து அவனுக்காகப் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும், பெண் பார்க்கப் போன இடத்திலும்கூட, பேசியது அக்காதான். நாற்பத்தேழு வயதாகியும் நாலு பேர் கூடிய இடத்தில் அவனுக்குப் பேச்சு வராது. ஓட்டுநரோடு பேசாதீர்கள் என்று பஸ்ஸில் எழுதி வைத்திருப்பதை இந்த உலகத்திலேயே சந்தோஷமாக ஏற்றுக்கொண்டவன் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

அவன் தலையில் போய் இதைக் கட்டினாரே என்பதுதான் அவள் ஆற்றாமை. போன இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் எழுதி வைத்த தாளைத் தலை நிமிராமல் வாசித்துவிட்டு இறங்கினான். சபை பொறுத்துக்கொண்டது. ஆனால் அடக்கம் அப்படி இல்லையே.

*

எட்டு மணிக்குத் தம்பியே வந்து நின்றான். காக்கி பேண்ட், கையில் வெள்ளைச் சட்டை மடித்து எடுத்து வந்திருந்தான். மாலை ஆறு மணி வண்டிக்கு டூட்டி மாற்றி வாங்கியிருந்தான். விஷயம் அவன் காதுக்கும் எட்டிவிட்டது முகத்திலேயே தெரிந்தது.

"அத்தான், இந்த ஒரு தடவை நீங்க நடத்திடுங்க. அவர் உங்க சிநேகிதர். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

போதகர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்காரச் சொன்னார். அதே சமையலறை மேஜை. ஒன்பது வருஷமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் தம்பியும் நர்ஸம்மாவும் வேலை முடிந்த கையோடு அந்த மேஜையில்தான் வந்து உட்காருவார்கள். வேதம் படிப்பார்கள், ஜெபிப்பார்கள். பிறகு அந்த வாரம் யார் வீட்டுக்குப் போனார்கள், எந்த வார்டுக்குப் போனார்கள் என்று போதகர் விசாரிப்பார். என்ன பேசினாய் என்று அவர் கேட்டதே இல்லை. 'என்ன கேட்டே?' என்பார். முதலில் இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். பிறகு பழகிவிட்டது. இத்தனை வருஷம் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்தவள்தான் அக்கா. ஏதோ இரண்டு பேருக்கு வகுப்பு நடக்கிறது என்று நினைத்தாளே தவிர, இந்த மனுஷன் தன் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்துகொண்டிருக்கிறார் என்று அவளுக்கு உறைக்கவில்லை.

"இன்னைக்கு நான் நின்னேன்னா, ஒவ்வொரு சாவுக்கும் நான்தான் நிக்கணும்பாங்க. அப்புறம் என் சாவுக்கு யார் நிப்பாங்க?" என்றார் போதகர். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். தம்பி சிரிக்கவில்லை.

"எனக்கு வாய் வராது அத்தான்."

"தெரியும்."

அவ்வளவுதான். மேற்கொண்டு ஒரு சமாதானமும் சொல்லவில்லை. அக்காவுக்கு ஆத்திரம் பொங்கியது. பயப்படாதே, வரும் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

அந்த நேரம் பார்த்து மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை இறையியல் கல்லூரியில் ஐந்து வருஷம் படித்துப் பட்டம் வாங்கியவர். பேச எழுந்தால் பிள்ளைகள்கூட அழுகையை நிறுத்தும். மாமனாருக்குப் பிறகு அவர்தான் என்று சபை முழுக்க நினைத்திருந்தது; மகளும் நினைத்திருந்தாள். மாப்பிள்ளை தம்பியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, தேவைப்பட்டால் தான் நடத்தத் தயார், அங்கி காரில் இருக்கிறது என்று பணிவாகவே சொன்னார். போதகர் நன்றி சொன்னார். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மகளுக்குப் பொறுக்கவில்லை. மாப்பிள்ளையும் தம்பியும் வாசலுக்குப் போனதும் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மருமகன்கிட்ட என்ன குறையப்பா கண்டீங்க?"

"குறை ஒண்ணும் இல்லம்மா. அவர் பிரமாதமா பேசுவார். அதான், கொஞ்ச நாள் பேசாம இருந்தா நல்லதுன்னு நினைக்கறேன்."

"அதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. அது என் தப்பு" என்றார்.

அப்பா தப்பை ஒத்துக்கொண்டதும் மகளுக்கு மேற்கொண்டு சண்டை போட வழியில்லாமல் போயிற்று. பாத்திரங்களை எடுத்துக் கழுவத் தொடங்கினாள், ஏற்கெனவே கழுவி வைத்தவற்றை.

*

பதினொரு மணிக்கு அக்கா டீச்சர் வீட்டுக்குக் கிளம்பினாள். போகும்போது அவள் மனதில் ஒரு தீர்மானம் இருந்தது. ஐயாவை எப்படியாவது பேச வைத்துவிடுகிறேன், கவலைப்படாதீர்கள் என்று டீச்சரிடம் வாக்குக் கொடுத்துவிட வேண்டும். வாக்குக் கொடுத்த பிறகு அவர் எப்படி மறுப்பார், பார்க்கலாம்.

முன்னறையில் பெட்டி வைத்திருந்தார்கள். நர்ஸம்மா ஏற்கெனவே அங்கே இருந்தார். இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவர், குள்ளமான உருவம், குரல் எழும்பவே எழும்பாது. வாட்ச்காரரின் நகங்களை வெட்டிச் சுத்தம் செய்திருந்தார். மகன் கையில் சீப்பைக் கொடுத்து, அப்பாவுக்குத் தலை வாரிவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை சுவரோரம் செல்போனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற அந்தப் பையன், சீப்பை வாங்கி, இடது பக்கமா வலது பக்கமா வகிடு என்று அம்மாவைக் கேட்டான். கேட்டுவிட்டு உடைந்துபோனான். நர்ஸம்மா அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கணவர் செய்வதுபோல்தான் இருந்தது. ஆனால் அவர் செய்வது மாதிரியும் இல்லை. அவர் இந்த இடத்தில் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பார்.

டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "ஐயா வர்றாரா?"

தயார் செய்து கொண்டுவந்த வாக்கு அக்காவின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை.

"வருவார். உக்காருவார். பேச மாட்டார்."

நர்ஸம்மாதான் மெல்லப் பேசினார். ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் வந்து வாட்ச்காரருக்குச் சவரம் செய்துவிட்டது தம்பிதான் என்றார். ஐயா வந்தால் இரண்டு பேரும் பேசிச் சிரிப்பார்களாம். தம்பி வந்தால் வாட்ச்காரர் நிம்மதியாகத் தூங்குவாராம்.

"எனக்கும் தெரியும்" என்றார் டீச்சர். "தூங்க வைக்கறது வேற. நாலு பேர் முன்னால நின்னு வழியனுப்பறது வேற." பிறகு நேராக அக்காவைப் பார்த்தார். "சரி. உங்க தம்பியே நடத்தட்டும். ஆனா தடுமாறி நின்னான்னா, உங்க மாப்பிள்ளை எழுந்து முடிச்சு வைக்கணும். என் வீட்டுக்காரரோட கடைசி நேரம் வேடிக்கையாகக் கூடாது. நீங்க பொறுப்பு."

அக்கா சம்மதித்தாள். கணவரைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையிடம் மட்டும் சொன்னாள். நான் தலையசைத்தால் நீங்கள் எழுந்துகொள்ளுங்கள் என்று.

*

மூன்று மணிக்குக் கோயில் நிறைந்துவிட்டது. வாட்ச்காரர் பழுது பார்த்துக் கொடுக்காத கடிகாரம் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. முன் பெஞ்சில் டீச்சரும் மகனும். மூன்றாவது பெஞ்சில் போதகர், அக்கா, மகள், ஓரத்தில் வெள்ளை அங்கியோடு மாப்பிள்ளை. அங்கியைப் பார்த்ததும் போதகர் அக்காவின் பக்கம் திரும்பினார். அவள் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தம்பி மேடைக்கு ஏறவில்லை. பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றான். ஆரம்ப ஜெபத்தை ஒருவழியாக முடித்தான். பாட்டு முடிந்தது. அடக்க ஆராதனை முறையை எழுதி வைத்த தாளை விரித்தான். வாயைத் திறந்தான்.

சத்தம் வரவில்லை.

ஒருவர் இருமினார். பின்னால் யாரோ பெஞ்சை நகர்த்தினார்கள். அரை நிமிஷம் போயிருக்கும். டீச்சர் மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தார். மாப்பிள்ளையும் பெஞ்சின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவில் கோத்து, விரல் வெளுக்க இறுக்கிக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. அந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு மனப்பாடம். இருநூறு முந்நூறு பேரை அந்த வார்த்தைகளைச் சொல்லித்தான் அடக்கம் செய்திருக்கிறார். எழுந்து நிற்க அவருக்கு ஒரு நொடி போதும். எழாமல் இருக்க அவர் படுகிற பாடு அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. எவ்வளவு பெரிய காரியத்தை இந்த மனுஷன் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறார் என்று மூன்று வாரத்தில் முதல் தடவையாக நினைத்தாள்.

முப்பத்தெட்டு வருஷமாகத் தம்பிக்காக எழுந்து பேசியவள் அவள். இப்போதும் ஒரு தலையசைப்புதான் வேண்டியிருந்தது.

அக்கா மாப்பிள்ளையைப் பார்த்துக் கையை மட்டும் லேசாக உயர்த்தினாள். பொறுங்கள்.

தம்பி தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"எனக்கு அத்தான் மாதிரி பேச வராது" என்றான். குரல் கரகரத்தது. ஆனால் வந்துவிட்டது. "இவர் பதினெட்டு வருஷம் என் வண்டியில வந்தார். காலைல ஏழு இருபது வண்டி. அத்தனை வாட்சு வச்சிருந்தவர், நான் லேட்டா வந்தா ஒரு நாளும் மணியைப் பார்த்ததில்ல. 'தூங்கினியா தம்பி'ன்னு கேப்பார். அவ்வளவுதான்."

நிறுத்தினான். பெட்டியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டான்.

"என் பொண்ணு ஆஸ்பத்திரியில கிடந்த மாசம், இவர் தன்னோட ஸ்டாப்புல இறங்கல. கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்தார். தினமும். அங்கே இறங்கி, கடைக்குத் திரும்பி நடப்பார். ஏன் இப்படின்னு கேட்டேன். உன்னைத் தனியா விட்டு இறங்க மனசு வரலப்பான்னார்."

முன் பெஞ்சிலிருந்து டீச்சரின் குரல் கேட்டது. யாரையும் பார்த்து அவர் சொல்லவில்லை. "கடையை லேட்டா திறக்கறீங்களேன்னு கேட்டேன். காலாற நடந்தேன்னாரு. என்கிட்ட சொல்லவே இல்ல."

தம்பி இரண்டடி நடந்து டீச்சர் முன்னால் குனிந்து நின்றான். கோயிலில் மற்றவர்கள் இருப்பதே மறந்துபோனதுபோல், அவரிடம் மட்டும் பேசினான். "இன்னைக்கு அவர் இறங்கற இடம் வரைக்கும் நம்மால போக முடியாது டீச்சர். ஆனா அங்கே அவரைக் கூட்டிட்டுப் போக ஆண்டவர் நிக்கறார்னு நான் நம்பறேன். நம்பாம இருந்திருந்தா இந்த இடத்துல வந்து நின்னிருக்கவே மாட்டேன். என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியும்."

டீச்சர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாளாக வராத அழுகை அப்போது வந்தது.

தம்பி அந்தக் கையை விடாமலே, தாளைப் பார்க்காமலே, அடக்க ஜெபத்தைச் சொல்லி முடித்தான். நடுவில் ஒரு வரி விட்டுப்போயிற்று. போதகரின் உதடுகள் அதைச் சொல்லவில்லை. அவை எப்போதோ நின்றுவிட்டன. அக்கா திரும்பிப் பார்த்தபோது அவர் கன்னம் முழுக்க ஈரமாக இருந்தது.

*

கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, போதகர் அங்கிருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தனையோ அடக்கம் பார்த்துட்டேன்" என்றார் அவர். "எங்கப்பா, உங்கப்பா, எல்லாரையும் நான்தான் அடக்கம் பண்ணினேன். யாருக்கும் அழுததில்ல. அடுத்து என்ன சொல்லணும்னே மனசு ஓடிட்டு இருக்கும். இந்தச் சிநேகிதனுக்காகவாவது அழணும்னு இருந்தது."

"காலைலயே சொல்லியிருக்கலாமே."

"தம்பிகிட்ட இதைச் சொன்னா, எனக்காக நடத்துவான். டீச்சருக்காகன்னு நடத்த மாட்டான்."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். "ஆமா. உன்கிட்ட சொல்லியிருக்கணும். மூணு வாரத்துக்கு முன்னாடியும் சொல்லியிருக்கணும். மறுத்துடுவியோன்னு பயந்துட்டேன்."

மூன்று வாரக் கோபத்துக்கு அது போதுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் நகர்ந்து உட்கார்ந்தாள், அவர் பக்கமாக.

தம்பி கையில் மண்ணோடு வந்தான். எப்படி நடத்தினேன் என்று கேட்கப் போகிறான் என்று அக்கா நினைத்தாள். அவன் கேட்கவில்லை. அத்தானுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்தான்.

"அத்தான், திங்கட்கிழமை சாயங்காலம் எப்படி இருக்கப் போறீங்க?"

திங்கட்கிழமைகளில்தான் போதகரும் வாட்ச்காரரும் சதுரங்கம் ஆடுவார்கள். நாற்பது வருஷப் பழக்கம். போதகர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"ஜெபம் பண்ணட்டுமா?"

போதகர் கண்ணாடியைக் கழற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டுத் தலை குனிந்தார். எத்தனையோ பேர் தலையில் கை வைத்தவர். தன் தலையில் ஒருவர் கை வைக்க அவர் குனிந்து அவள் பார்த்ததில்லை. தம்பி மண்ணைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, நரைத்த அந்தத் தலையில் கையை வைத்தான். என்ன சொல்லி ஜெபித்தான் என்று அக்காவுக்குக் கேட்கவில்லை. திக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

*

வீட்டுக்கு வரும்போது மணி ஐந்து. மாப்பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்தில் யாரும் பார்க்கவில்லை. போன் எடுக்கவில்லை என்று மகள் வழியெல்லாம் கையைப் பிசைந்துகொண்டு வந்தாள்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அங்கியைக் கழற்றியிருந்தார். கையில் ஒரு நீளமான உறை. பிரித்த உறை. இவர்களைக் கண்டதும் எழுந்தார். கண் சிவந்திருந்தது, அழுததாலா, கோபத்தாலா என்று அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"மாமா, வேற ஊர்ச் சபையில என்னைப் போதகரா வரச் சொல்லி எழுதியிருக்காங்க. இது வந்து ஒரு வாரமாச்சு" என்றார். "யார்கிட்டயும் சொல்லல. இன்னைக்குள்ள பதில் சொல்லணும். உங்ககிட்ட பேசணும்."

ஒரு வாரமா என்று மகள் வாயைத் திறந்தாள். அக்கா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

போதகர் உறையைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"காலைல நான் உங்களுக்கு ஒரு மன்னிப்பு பாக்கி வச்சேன் மாப்பிள்ளை. அதை நான் தனியா கேக்கறேன். ஆனா இந்தச் சபையில இருக்கறவங்க ஒரு முடிவெடுக்கும்போது போய்ப் பேச வேண்டிய ஆள் இப்ப நான் இல்ல." பின்னால் நின்ற தம்பியின் பக்கம் திரும்பினார். "இவர்கிட்ட பேசுங்க."

தம்பியை அவர் 'இவர்' என்று சொன்னதை அக்கா கவனித்தாள். இத்தனை வருஷத்தில் 'இவன்'தான்.

தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ஆறு மணிக்கு வண்டி எடுக்கணும்" என்றான். "அதுவரைக்கும் இருக்கேன். உள்ளே வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க." முன்னால் போய்ச் சமையலறை மேஜையிலிருந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். எப்போதும் போதகர் உட்காருகிற நாற்காலியில் அவன் உட்காரவில்லை. தன்னுடைய பழைய இடத்திலேயே உட்கார்ந்தான்.

மாப்பிள்ளை வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். உறையை மேஜைமேல் வைத்தார். உட்காரவில்லை.

"அதைப் படிச்சிட்டு, நான் உக்காரணுமான்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.